மழைநீரும் கழுவிய நீரும்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

அடுத்த முறை நல்ல மழை பிடிக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். தொட்டி, பைப், ஃபில்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூரையில் விழும் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது, எந்தக் குழாய் வழியாக இறங்குகிறது, எங்கே இறங்க வழியில்லாமல் குளம் கட்டி நிற்கிறது, இறங்கியது கடைசியில் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் இதைச் செய்யாமல்தான் முதல் டிரம்மை வைத்தேன். வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு இறங்கு குழாய், பின்பக்கம் ஒன்று. முன்பக்கம் வைத்தால் எடுக்க வசதி என்று அங்கே வைத்தேன். கூரையின் சரிவு பெரும்பாலும் பின்பக்கம் என்பது மழை வந்த பிறகுதான் தெரிந்தது. பின்னால் அருவியாகக் கொட்டுகிறது, முன்னால் டிரம்மில் இரண்டு குடம்கூடத் தேறவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஓடுவது ஒரே தண்ணீர் இல்லை. கூரையிலிருந்து வரும் மழைநீர் ஒரு ரகம், காய்கறி கழுவியது ஒரு ரகம், குளித்தது, துவைத்தது, ஏசியிலிருந்து சொட்டுவது, ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுவது என்று ஒவ்வொன்றும் தனி ரகம். ஒவ்வொன்றுக்கும் அதன் தரத்துக்கேற்ற வேலை உண்டு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால், அதில் ஆக மோசமானது எதுவோ அந்தத் தரத்துக்கு மொத்தமும் இறங்கிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்தக் கலப்பிலிருந்து வருகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே, சுற்றி வளைத்துப் பார்த்தால், கலக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான்.

கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பெருக்கல். கூரையின் நீள அகலத்தை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். சரிவான கூரையாக இருந்தால் சரிவின் நீளம் வேண்டாம், அது தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அந்த அளவை எடுங்கள். சதுர அடியில்தான் தெரியும் என்றால் 100 சதுர அடி ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர்.

விழுந்ததெல்லாம் கைக்கு வராது. கொஞ்சம் கூரையை நனைப்பதற்கே போகும், கொஞ்சம் தெறிக்கும், கொஞ்சம் ஆவியாகும். தகரக் கூரையில் 90 சதவீதம் வரை பிடிக்கலாம், காங்கிரீட் தளத்தில் 80 என்று வைத்துக்கொள்ளலாம், ஓட்டுக் கூரையில் இன்னும் சற்றுக் குறைவு.

ஓர் உதாரணம். 60 சதுர மீட்டர் காங்கிரீட் தளம், 25 மில்லிமீட்டர் மழை. 60 × 25 = 1500, அதில் 80 சதவீதம் 1200 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழைக்கு இவ்வளவு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இந்தக் கூரைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 48 லிட்டர் கிடைக்கிறது, ஆக 200 லிட்டர் டிரம் நாலு மில்லிமீட்டர் மழையிலேயே தளும்பிவிடும். மீதி? அதனால்தான் தொட்டியை யோசிக்கும்போதே நிரம்பி வழிவது எங்கே போகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூரையும் வடிகாலும்

மழைநீரின் தரம் கூரையில்தான் முடிவாகிறது. வானத்திலிருந்து விழும்போது ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கிறது. பறவை எச்சம், சருகு, தூசி, புகைக்கரி எல்லாம் கூரையில்தான் சேர்கின்றன. மழைக்காலம் தொடங்கும் முன்பு தளத்தை நன்றாகப் பெருக்கித் தள்ளுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். தளத்தில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பா, உடைந்த பேட்டரி, துருப்பிடித்த சாமான்கள், செல்லப் பிராணியின் கூண்டு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈயத் தகடு பதித்த கூரை, பெயின்ட் உரிந்து விழும் கூரை, இவற்றின் தண்ணீரைக் குடிப்பதற்கோ சமையலுக்கோ நினைக்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உலர்ந்த நிலையில் துடைப்பம் போட்டுத் தேய்க்கவும் கூடாது, அதன் நார் தூசியாகக் கிளம்பி மூச்சில் போகும். தளத்துக்குப் புதிதாக நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் முதல் சில மழைகளை விட்டுவிடுங்கள். புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்துக்கும் அப்படியே, சுண்ணாம்புக் காரம் இறங்கும்.

சரிவுக் கூரைக்கு ஓரத்தில் வடிகால் வைக்கும்போது மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் இறக்கம் கொடுத்தால் போதும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் தண்ணீருக்கு அது தெரியும். வைத்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால் அங்கே பிடிமானம் தளர்ந்திருக்கிறது.

தளத்தில் தண்ணீர் இறங்கும் வாயில் ஒரு சல்லடை அவசியம். தட்டையான சல்லடை ஒரே இலை ஒட்டினால் அடைத்துக்கொள்ளும். கவிழ்த்த கிண்ணம்போல மேலெழும்பியதாக வாங்குங்கள். அடியில் சருகு சேர்ந்தாலும் மேல் பாதி வழியாகத் தண்ணீர் இறங்கும்.

முதல் மழையை விட்டுவிடுங்கள்

ஒட்டுமொத்த ஏற்பாட்டிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் முதல் சில நிமிடத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், டிகாஷன் நிறத்தில் இருக்கும். கால் மணி நேரம் கழித்து இன்னொரு டம்ளர் பிடியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கூரையிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. அந்த முதல் டம்ளரைத் தொட்டிக்குள் விடாமலிருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

எவ்வளவு விட வேண்டும்? கூரையைக் கழுவ அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் மழை தேவை. மரமும் பறவையும் அதிகமான இடம் என்றால் இரண்டு, இல்லையென்றால் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 60 சதுர மீட்டர் தளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 60 லிட்டர்.

செய்முறை எளிது. இறங்கு குழாயில், தொட்டிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்பாக ஒரு டீ, அதாவது ‘T’ வடிவப் பைப் இணைப்பு, வையுங்கள். டீயின் கீழ்வாயில் செங்குத்தாக ஒரு பைப்பைத் தொங்கவிட்டு அடியை எண்ட் கேப் போட்டு மூடுங்கள். முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் அந்தப் பைப்பில் நிரம்பும். அது நிரம்பிய பிறகு வருவது பக்கவாட்டில் தொட்டிக்குப் போகும். ஆனால் 4 அங்குல பைப் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். 60 லிட்டர் பிடிக்க ஏழு மீட்டர் பைப் வேண்டும், எந்தச் சுவரில் அதைத் தொங்கவிடுவது? அதனால் ஒரே குழாய் முழுக்கூரையையும் வடிப்பதாக இருந்தால் பைப்பின் அடியில் 50, 60 லிட்டர் மூடிய கேன் ஒன்றை இணைத்துவிடுவதே சுலபம். பல குழாய்களாகப் பிரிந்து இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிறிய பைப் போதும்.

மழை நின்றதும் இந்த அழுக்குத் தண்ணீர் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அங்கே இடமிருக்காது. அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துக் கையால் திறந்துவிடலாம். மறதிக்காரர்கள் எண்ட் கேப்பில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள், மெல்லச் சொட்டித் தானாகக் காலியாகிவிடும். துளை அடைத்துக்கொள்ளும் என்பதால் எண்ட் கேப்பைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், மரையுள்ளதாக வாங்கினால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். என்னுடையதை முதலில் பசை போட்டு ஒட்டிவிட்டு, பிறகு ரம்பம் எடுத்து அறுத்தேன்.

தொட்டி

முதல் ஆண்டுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று, அதிகபட்சம் இரண்டு. பெரிய தொட்டி வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு மழை, எத்தனை நாள் இடைவெளி, தினமும் எவ்வளவு எடுக்கிறோம் என்பதெல்லாம் பழகித்தான் தெரியும்.

டிரம் ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். இதற்கு முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாத பழைய டிரம் வேண்டாம். ரசாயன வாடை பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், கழுவினால் போகாது.

200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அதைச் செங்கல் இரண்டை அடுக்கி அதன் மேல் நிறுத்தாதீர்கள். தரையை இறுக்கிச் சமன் செய்து, கட்டட பிளாக்குகளை அகலமாக அடுக்கி, மேலே கல் பலகை போட்டு வையுங்கள். வாளி வைத்துப் பிடிக்கும் உயரம் போதும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், எவ்வளவு ஏற்றினாலும் ஹோஸ் பீய்ச்சி அடிக்கப் போவதில்லை. பூவாளிக்கும் மெல்லக் கசியும் சொட்டுக் குழாய்க்கும் அந்த அழுத்தம் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடி பூட்டக்கூடியதாக இருக்கட்டும்.

இனித் துளைகள். எடுக்கும் குழாயை டிரம்மின் அடியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் மேலே வையுங்கள், வண்டல் கீழேயே கிடக்கும். வழிந்தோடும் குழாய், உள்ளே வரும் குழாயின் அதே தடிமனில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 4 அங்குலத்தில் உள்ளே கொட்டி ஒரு அங்குலத்தில் வெளியே விட்டால் பெருமழையில் மூடியைத் தூக்கிக்கொண்டு வழியும், அது சுவர் ஓரமாக இறங்கி அஸ்திவாரத்துக்குப் போகும். உள்ளே வரும் பைப்பை டிரம்மின் அடிவரை கொண்டுபோய் முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் விழும் வேகத்தில் வண்டல் கலங்காது.

ஒவ்வொரு வாயிலும் நைலான் வலை கட்டுங்கள், வழிந்தோடும் குழாயின் வெளிமுனை உட்பட. வலைக்கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டாவது டிரம் வைக்கும்போது இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிரம்பும். பீடம் இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. மழையில்லாத நாளில் டிரம்மை நிரப்பக் குடிநீர்க் குழாயிலிருந்து ஹோஸை இழுத்து உள்ளே முங்கும்படி போட்டுவிடாதீர்கள். குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால் டிரம் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீர்க் குழாயில் கலந்துவிடும். ஹோஸின் முனைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே எப்போதும் காற்று இடைவெளி வேண்டும். மழைநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரு வால்வைப் போட்டு இணைப்பதும் கூடாது, வால்வு ஒருநாள் கசியும். குழாயின் மேல் ‘குடிப்பதற்கு அல்ல’ என்று பெயின்டால் எழுதிவிடுங்கள். விருந்தாளிக்கு அது தெரியாது இல்லையா?

வடிகட்டியும் குடிநீரும்

செடிக்கும் தரை துடைக்கவும் மட்டும்தான் என்றால், சல்லடையும் முதல் மழை ஒதுக்கலும் போதும், வடிகட்டி தேவையில்லை. தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியில் விடுவதாக இருந்தால் மணல் வடிகட்டி வையுங்கள். அடியில் கைமுட்டிப் பருமனுள்ள கூழாங்கல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் கழுவிய பருமணல், அடுக்குகளுக்கு நடுவே நைலான் வலை. மணலை வாளியில் போட்டு அலசி, தண்ணீர் தெளிவாகும்வரை கழுவாமல் போட்டால் முதல் ஒரு மாதம் சேறுதான் வரும். அழுக்கு மணலின் மேல்பரப்பில்தான் படியும், அந்த இரண்டு மூன்று விரற்கடையைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போட்டால் மறுபடியும் நன்றாக ஓடும். நடுவே கரி அடுக்கு போடுகிறவர்கள் உண்டு. வாடை குறையும், ஆனால் கரிக்கு ஆயுள் குறைவு, மாற்றாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பதற்குப் போடாமலே இருக்கலாம்.

இந்த வடிகட்டி கலங்கலை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. மழைநீர் தூய்மையானது, அப்படியே குடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் கூரையில் காக்கை உட்காருவதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. குடிக்கத்தான் வேண்டும் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு, வடிகட்டி, பிறகு தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்து ஆறவிட்டுக் குடிக்கலாம். 2000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். கொதிக்கவைப்பது கிருமிக்குத்தான், ஈயம் போன்ற உலோகங்களும் ரசாயனங்களும் அதனால் போகாது. முதல் ஆண்டில் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மண்ணுக்குள் அனுப்புவது

டிரம் வழிந்த பிறகு வருவதை மண்ணுக்குள் விடலாம். அதற்கு முன்பு உங்கள் மண் குடிக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். அது இறங்கியதும் மறுபடியும் நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணல் கலந்த மண்ணில் மளமளவென்று இறங்கும். களிமண்ணில் மறுநாளும் அப்படியே நிற்கும். அப்படி நின்றால் உறிஞ்சு குழி வெட்டிப் பயனில்லை, ஆழமில்லாத அகலமான பள்ளங்களில் செடி வைத்து மழையை அங்கே திருப்புவது நல்லது.

குழி வெட்டுவதாக இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வெட்டுங்கள். செப்டிக் டேங்க் பக்கமே வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வரும் இடமென்றால் குழியில் தண்ணீர் இறங்காது, ஊறித்தான் வரும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வெட்டினால் 1500 லிட்டர் பிடிக்கும் என்று தோன்றும். கல் நிரப்பிய பிறகு கற்களின் இடைவெளிதான் மிச்சம், அது சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 லிட்டர். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். குழிக்கு முன்னால் இரண்டடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, அதில் தெளிந்தது குழிக்குப் போகும்படி செய்தால் குழி பல ஆண்டு அடைக்காது.

பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் கூரைத் தண்ணீரை நேராக விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மண் அடுக்குகள் வடிகட்டும் வேலையைத் தாண்டிக் குதித்து, அழுக்கை நேராக நிலத்தடி நீரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். விவரம் தெரிந்தவர் வந்து பார்த்துச் சொல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கழுவிய நீர்

மழை எப்போதோ வரும். குளியலறையில் தினமும் வருகிறது. ஆனால் இந்த நீருக்கு ஒரு பெரிய விதி உண்டு: சேமிக்கக் கூடாது. அன்றைக்கு வந்ததை அன்றைக்கே செலவழிக்க வேண்டும். குளித்த நீரில் தோலின் அழுக்கும் எண்ணெயும் சோப்பும் இருக்கின்றன, நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் உள்ளேயிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிட்டு அழுகத் தொடங்கும். தொடக்கத்தில் நான் குளித்த நீரை மூடிய டிரம்மில் ஐந்து நாள் சேர்த்துவைத்து, பெருமையோடு மூடியைத் திறந்தேன். வீட்டில் இருந்தவர்கள் அடுத்த தெருவில் சாக்கடை உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

கழிப்பறை நீரை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். குழந்தையின் துணி, நோயாளியின் துணி துவைத்த நீரையும் சாக்கடைக்கே விடுங்கள். தலைக்குச் சாயம் போட்டுக் குளித்த நாளும் அப்படித்தான். மற்றவற்றை எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசையாகப் பார்க்கலாம். உங்கள் ஊரில் இதற்கு விதிமுறை உண்டா என்று மட்டும் குழாயில் கை வைக்கும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்கறியும் தானியமும் கழுவிய நீரிலிருந்து இன்றைக்கே தொடங்கலாம். சிங்க்கில் ஒரு பேசின் வைத்துக் கழுவி நேராகச் செடிக்கு ஊற்றுங்கள். சோப்பு கிடையாது, ஆபத்து கிடையாது. வெந்நீர் வரும்வரை குழாயில் வீணாகும் குளிர்ந்த நீரும் சுத்தமான தண்ணீர்தான், ஒரு வாளியை வையுங்கள்.

ஏசி நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே இருக்காது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூட வரும். உள்ளேயிருக்கும் உலோகச் சுருளின் தூசியும் பூஞ்சையும் அதில் கலந்திருப்பதால் குடிக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கக் கச்சிதமான தண்ணீர், உப்புக்கறை விழாது.

ஆர்.ஓ. கழிவு நீர் இதற்கு நேர் எதிர். உள்ளே போன உப்பெல்லாம் அதில் செறிந்திருக்கும். வெளியேறும் குழாயை ஒரு வாளியில் விட்டு, ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடிப்பதற்குள் எத்தனை குடம் வெளியே போகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள், திகைத்துப்போவீர்கள். தரை துடைக்க, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, கழிப்பறைக்கு நன்றாகப் பயன்படும். தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிட்டு முடிவெடுங்கள். மழைநீரோடு கலந்து ஊற்றுவது ஒரு வழி, நான் மேலே கலக்காதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

குளித்த நீரை எடுக்கக் குழாயை உடைக்கத் தேவையில்லை. பெரிய டப்பில் நின்று குளித்துவிட்டு அதையே கழிப்பறைக் கோப்பையில் ஊற்றலாம். ஃபிளஷ் டேங்க்கில் ஊற்றாதீர்கள், சோப்புப் பிசுக்கு உள்ளேயிருக்கும் ரப்பரில் படிந்து கசிய ஆரம்பிக்கும். கோப்பையில் நேராக, முழங்கால் உயரத்திலிருந்து, அரை வாளியை ஒரே வீச்சில் கொட்டினால் பொத்தானை அழுத்தியதுபோல் போய்விடும். மெதுவாக ஊற்றினால் எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது.

வாஷிங் மெஷினில் தொடங்குவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதற்குள்ளேயே பம்ப் இருக்கிறது. வெளியேற்றும் ஹோஸை மூன்று வழி வால்வுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வழி சாக்கடைக்கு, ஒரு வழி தோட்டத்துக்கு. வால்வு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும், ப்ளீச் போட்ட நாளில் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடலாம். தோட்டத்துக்கு ஒரு அங்குல பைப், போகப் போக இறக்கமாக. மெஷின் பம்ப்புக்கு மேட்டில் தண்ணீர் ஏற்றும் பலம் கிடையாது, மேடான தோட்டத்துக்குத் தள்ளச் சொன்னால் சீக்கிரம் கெட்டுப்போகும். பைப்பின் முனையில் ஒரு பழைய நைலான் சாக்ஸைக் கட்டிவிடுங்கள். நாலு சலவைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஈரப் பஞ்சு உருண்டை ஒன்று இருக்கும், உங்கள் எல்லாத் துணிகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதை மண்ணில் விட்டிருந்தால் மண்ணின் துளைகளை அடைத்திருக்கும்.

பாத்திரம் கழுவிய நீர் எண்ணெயும் உணவுத் துகளும் கலந்தது. கொழுப்பைப் பிரிக்கும் தொட்டி கட்டி, வாரம்தோறும் அதை வழித்தெடுக்கத் தயாராக இருந்தால்தான் அது நடக்கும். புதியவர்களுக்கு வேண்டாம்.

எங்கே, எப்படி ஊற்றுவது

கழுவிய நீரைத் தெளிப்பானில் போடக் கூடாது, இலையில் படக் கூடாது, தரையில் தேங்கி நிற்கக் கூடாது. மண்ணுக்கு அடியில் போக வேண்டும். மரத்தைச் சுற்றி, கிளைகள் பரவி நிற்கும் எல்லைக்கு நேர் கீழே, ஓர் அடி ஆழத்துக்கு வட்டமாகப் பாத்தி வெட்டி, அதில் காய்ந்த சருகும் மரச் செதிலும் நிரப்புங்கள். பைப்பின் முனை அந்தச் சருகுக்குள் விழட்டும். வாடை வராது, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோப்பையும் அழுக்கையும் உடைத்து முடித்துவிடும். சருகு மக்கிக் கீழே இறங்க இறங்க மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழ மரங்களுக்கும் வாழைக்கும் இது நன்றாக ஒத்துக்கொள்ளும். கல்வாழையும் சேம்பும் எப்போதும் ஈரமான இடத்தில் தளதளவென்று வளரும். பச்சையாகத் தின்னும் கீரை, கிழங்கு வகைகளுக்கு இந்த நீர் வேண்டவே வேண்டாம்.

சோப்பில் கவனம் வேண்டும். பெரும்பாலான சலவைத் தூளில் சோடியம் உப்பு நிறைய இருக்கிறது. களிமண்ணில் சோடியம் சேரச் சேர மண் இறுகி, தண்ணீரை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்தும். திரவ சோப்பில் பொதுவாக இது குறைவு. வெண்காரம் சேர்த்தது, ப்ளீச் சேர்த்தது இரண்டும் செடிக்கு ஆகாது. எதை வாங்கினாலும் வழக்கத்தில் பாதி அளவு போட்டுத் துவைத்துப் பாருங்கள், துணி அழுக்காகவே இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் டிரம்மில் இருக்கும் மழைநீருக்கு இன்னொரு வேலை வருகிறது. மாதத்துக்கு இரண்டு முறை அந்தப் பாத்திகளை மழைநீரால் நன்றாக நனைத்துவிட்டால், சேர்ந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். தொட்டிச் செடிகளில் உப்பு இறங்கிப்போக இடமில்லை, அதனால் அவற்றுக்குச் சோப்பு நீர் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை

கொசு முட்டையிட்டு அது பறந்துபோக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை சுற்றி வந்தால் அதை முந்திக்கொள்ளலாம். டிரம்மின் வலை கிழிந்திருக்கிறதா, வண்டல் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, ஏசிக்குக் கீழே வைத்த வாளி நிரம்பிக் கிடக்கிறதா, எண்ட் கேப் துளை சொட்டுகிறதா என்று பாருங்கள். கழுவி ஊற்றும்போது பாத்திரத்தின் உள்சுவரைத் தேய்த்துவிடுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆண்டுக்கொரு முறை, டிரம் காலியாகும் நேரம் பார்த்து, அடிவண்டலை வாரி எடுத்துவிட்டால் போதும்.

பெரிய தொட்டிக்கு முன்பு ஒரு நோட்டு

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். மழை பெய்த தேதி, டிரம் நிரம்பிய தேதி, காலியான தேதி, அன்றைக்கு எத்தனை வாளி எடுத்தீர்கள், இவ்வளவு எழுதினால் போதும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். இரண்டு மழைக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 20 நாள், தினமும் 40 லிட்டர் எடுத்தீர்கள் என்றால் 800 லிட்டர் தொட்டி உங்களுக்குச் சரி. 5000 லிட்டர் வாங்கச் சொல்கிறவரிடம் அந்த நோட்டைக் காட்டலாம். டிரம் மாதத்தில் பாதி நாள் நிரம்பியே கிடந்திருக்கிறது என்றால் தொட்டி வாங்க வேண்டியதில்லை, எடுத்துப் புழங்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. 1000 லிட்டர் என்பது ஒரு டன் எடை, அதை மாடியில் வைக்கப்போவதாக இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் தளத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.